பெர்மிட் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம்: ஊர் மாறிய ஐஸ் ஹாக்கி அணிகள்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அணியைச் சுற்றி வருகின்றன. கனடாவின் வின்னிபெக்கில் பிறந்து, 1996-இல் அரிசோனா பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்து, 28 ஆண்டு கழித்து யூட்டாவில் போய் நின்ற அணி அது. ஒன்றை ஒன்று தொட்டுச் செல்லும் கேள்விகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறோம்.

கேள்வி: யூட்டா மாமத் அணி 1972-இல் வின்னிபெக்கில் தொடங்கியது என்கிறான் என் மகன். 2024-இல்தான் தொடங்கியது என்கிறான் அவன் நண்பன். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், செந்தூல்

நண்பன் சொல்வதுதான் சரி. ஆனால் மகன் தவறியதற்கும் நியாயமான காரணம் உண்டு.

லாரித் தொழில் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பெர்மிட் வேறு, லாரி வேறு. லாரியை விற்றுவிட்டுப் பெர்மிட்டைக் கையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தும் விற்கலாம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் ஓர் அணி என்பதும் இப்படித்தான். லீக்கில் ஆடுவதற்கான உரிமை, பெயர், சின்னம், பழைய சாதனைகள் எல்லாம் பெர்மிட். ஆட்டக்காரர்கள், அவர்களின் ஒப்பந்தங்கள், பயிற்சியாளர்கள், இனிவரும் ஆண்டுகளில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வரிசை ஆகியவை லாரி.

1996-இல் வின்னிபெக் ஜெட்ஸ் ஃபீனிக்ஸுக்குப் போனபோது பெர்மிட்டும் லாரியும் சேர்ந்தே போயின. பெயர் மட்டும் ஃபீனிக்ஸ் கொயோட்டீஸ் என்றானது. 2014-இல் அரிசோனா கொயோட்டீஸ். 2024 ஏப்ரல் 18 அன்று நடந்தது வேறு. லீக்கின் ஆளுநர் சபை ஒப்புதல் தந்த அந்த விற்பனையில் யூட்டா தொழிலதிபர் ரயன் ஸ்மித்தின் நிறுவனம் 1.2 பில்லியன் அமெரிக்க டாலருக்கு லாரியை மட்டும் வாங்கியது. அதில் 1 பில்லியன் கொயோட்டீஸ் உரிமையாளர் அலெக்ஸ் மெருவேலோவுக்கு, 200 மில்லியன் லீக்கிலுள்ள மற்ற உரிமையாளர்களுக்கு. பெர்மிட் மெருவேலோவிடமே இருந்தது. ஐந்து ஆண்டுக்குள் சொந்தமாக ஓர் அரங்கம் கட்டினால் மீண்டும் ஓர் அணியை இறக்கலாம் என்பது நிபந்தனை. வட ஃபீனிக்ஸில் அவர் கண்வைத்திருந்த அரசு நிலத்தின் ஏலம் அதே ஆண்டு ஜூன் மாதம் ரத்தானது. அவரும் அத்துடன் கைவிட்டார். பெர்மிட் லீக்கிடம் போய்ச் சேர்ந்தது.

ஆகவே யூட்டாவின் கணக்கு 2024 அக்டோபர் 8 அன்றுதான் தொடங்குகிறது. சிகாகோ பிளாக்ஹாக்ஸை 5–2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் டிலன் குவென்தர் போட்டதுதான் யூட்டாவின் முதல் கோல். அணித்தலைவர் கிளேட்டன் கெல்லர் அரிசோனாவில் போட்ட கோல்கள் அவருடைய சொந்தக் கணக்கில் சேரும், யூட்டா அணியின் கணக்கில் சேராது. இணையத்தில் புள்ளிவிவரம் பார்க்கும்போது “அணியுடன்” என்ற பத்தியையும் “மொத்தம்” என்ற பத்தியையும் பிரித்துப் பாருங்கள். முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பெயரைப் பற்றி ஒரு வரி: முதல் ஆண்டு வெறுமனே “யூட்டா ஹாக்கி கிளப்”, ரசிகர் வாக்கெடுப்புக்குப் பின் 2025 மே மாதம்தான் “மாமத்”.

கேள்வி: பினாங்குக் காற்பந்து அணியை யாரோ ஒருவர் வாங்கி ஜோகூருக்குக் கொண்டுபோக முடியுமா? நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அங்கே மட்டும் எப்படி நடக்கிறது? ரசிகர்கள் சும்மா இருந்தார்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

சும்மா இருக்கவில்லை, டீச்சர். 1995 மே மாதம் வின்னிபெக்கில் பல்லாயிரம் பேர் தெருவில் திரண்டார்கள். பிள்ளைகள் உண்டியலை உடைத்துச் சில்லறையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அணி ஒரே ஓர் ஆண்டு கூடுதலாகத் தங்கியது, அவ்வளவுதான்.

நம் நாட்டுக் காற்பந்தில் அணி என்றால் மாநிலம். என்.எச்.எல். அப்படியல்ல, அது உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டு. சட்டையில் ஊர்ப்பெயர் இருக்கும், பத்திரத்தில் இருக்காது. தோற்றால் கீழ் லீக்குக்கு இறக்குவதும், கீழே வென்றவர்களை மேலே ஏற்றுவதும் அங்கே கிடையாது. அணிகளின் எண்ணிக்கை குறிப்பிட்டது. அணி இல்லாத ஊர் ஒன்று ஆட விரும்பினால் இரண்டே வழி: பெரும் கட்டணம் கட்டிப் புது அணி வாங்க வேண்டும், அல்லது இன்னோர் ஊரின் அணியைக் கிளப்பிக்கொண்டு வர வேண்டும்.

வின்னிபெக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். 1972-இல் என்.எச்.எல்.-க்குப் போட்டியாக உலக ஹாக்கி சங்கம் என்ற லீக் தொடங்கியது. ஜெட்ஸ் அதில் ஓர் அணி. சிகாகோவின் நட்சத்திரம் பாபி ஹல்லுக்குக் கையெழுத்திட மட்டும் 1 மில்லியன் டாலர் கொடுத்து இழுத்தார்கள். அந்தத் தொகையை மற்ற அணிகளும் சேர்ந்து பகிர்ந்துகொண்டன. பிறகு ஸ்வீடனிலிருந்து ஆண்டர்ஸ் ஹெட்பர்க், உல்ஃப் நில்சன் இருவரையும் கொண்டுவந்து ஹல்லுடன் ஆடவிட்டார்கள். இடித்து மோதும் ஆட்டத்துக்குப் பழகிய கண்டத்தில் வேகமும் பக் (மட்டையால் அடிக்கும் ரப்பர் வில்லை) கடத்தலும் கொண்ட ஐரோப்பிய ஆட்டத்தை வேரூன்றச் செய்ததில் இந்த மூவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1976, 1978, 1979 என மூன்று முறை அந்த லீக்கின் ஆவ்கோ கோப்பை வின்னிபெக்குக்கு வந்தது.

1979-இல் அந்த லீக் கலைந்தது. வின்னிபெக், எட்மன்டன், கியூபெக், ஹார்ட்ஃபோர்டு நான்கும் என்.எச்.எல்.-இல் சேர்ந்தன. சேரும் விலை கடுமை: தங்கள் ஆட்டக்காரர்கள்மீது உரிமை கோரிய பழைய என்.எச்.எல். அணிகளுக்கு அவர்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒருசிலரை மட்டுமே தக்கவைக்கலாம். கோப்பை வென்ற அணி எலும்புக்கூடானது. 1980–81-இல் 80 ஆட்டங்களில் 9 வெற்றி. அதில் தொடர்ந்து 30 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. அந்தக் கீழ்நிலையால், இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் முதல் இடம் கிடைத்தது. அதில்தான் டேல் ஹாவர்சக் வந்தார். வந்த ஆண்டே 45 கோல், கோலும் கோலுக்குச் செய்த உதவியும் சேர்த்து மொத்தம் 103 புள்ளி. அணி மறுபடி எழுந்து நின்றது.

பிறகு ஏன் போனது? பணம் வருவது கனடிய டாலரில், சம்பளம் போவது அமெரிக்க டாலரில். 1990-களின் நடுவில் ஒரு கனடிய டாலர் முக்கால் அமெரிக்க டாலருக்கும் குறைவு. சம்பளத்துக்கு உச்சவரம்பு அப்போது இல்லை. அது 2005-இல்தான் வந்தது. அதனால் பெரிய ஊர்கள் சம்பளத்தை ஏற்ற ஏற்றச் சின்ன ஊர் மூச்சு வாங்கியது. பழைய வின்னிபெக் அரங்கத்தில் நிறுவனங்களுக்கு ஆண்டு வாடகைக்கு விடும் தனி அறைகள் மிகக் குறைவு. ஒரு தனி அறையின் வருமானம் நூற்றுக்கணக்கான சாதாரண இருக்கைகளுக்குச் சமம். இந்த வணிகத்தில் லாபமே அங்கேதான். புது அரங்கம் கட்டக் காசு திரளவில்லை. நட்டத்தை மாநகரமும் மாநிலமும் ஏற்கும் ஒப்பந்தமும் முடியவிருந்தது.

வாங்கிய ரிச்சர்ட் பர்க், ஸ்டீவன் குளுக்ஸ்டர்ன் இருவரும் முதலில் நினைத்தது மின்னசோட்டாவை. அங்குள்ள அரங்கத்துடன் பேச்சு முறிந்த பிறகே ஃபீனிக்ஸ். 1996 ஏப்ரல் 28 அன்று டெட்ராய்ட்டிடம் 4–1 எனத் தோற்றதோடு பழைய ஜெட்ஸ் முடிந்தது. கடைசி கோல் நார்ம் மெக்கைவர் போட்டது. அதற்கு ஏறக்குறைய இரண்டரை மாதம் முன்பே நட்சத்திர ஆட்டக்காரர் தேமு செலானேயை அனஹைம் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊர் அணியை இழந்தது ஒரு துயரம் என்றால், வழியனுப்பும்போது தன் செல்லப்பிள்ளையை அந்தச் சட்டையில் பார்க்க முடியாமல் போனது இன்னொன்று.

கேள்வி: ஃபீனிக்ஸில் ரசிகர் இல்லாததால்தான் அணி விழுந்தது என்கிறார்கள். பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கி வைத்தால் வேறென்ன நடக்கும்?
— கல்லூரி மாணவர், செராஸ்

இந்தப் பேச்சை நாங்கள் ஏற்பதில்லை. லாஸ் வேகஸும் பாலைவனம்தான். அங்கே அணி 2017 முதல் செழிப்பாக ஆடுகிறது, 2023-இல் என்.எச்.எல்.-இன் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையும் வென்றது. அரிசோனா அணியை வீழ்த்தியது அரங்கம். வரிசையாகப் பாருங்கள்.

முதல் வீடு ஃபீனிக்ஸ் நகர மையத்தில், 1992-இல் கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கம். கூடைப்பந்து ஆடுகளம் 94 அடிக்கு 50 அடி. ஐஸ் ஹாக்கித் தளம் 200 அடிக்கு 85 அடி. நீளத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். கூடைப்பந்துக்கு இருக்கைகளைக் களத்தோடு ஒட்டி, செங்குத்தாக ஏற்றிக் கட்டுவார்கள். அங்கே ஹாக்கித் தளத்தைப் போட்டால் இருபுற முனைகளிலும் கீழ் இருக்கைகளை மடக்கி உள்ளே தள்ள வேண்டும். அப்போதும் மேலடுக்கின் விளிம்பு தளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அடுக்கில் உட்கார்ந்தால் நேர் கீழே இருக்கும் கோல் வலை கண்ணில் படாது. கூட்டம் கத்துவதை வைத்துத்தான் கோல் விழுந்ததென்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட இருக்கைகள் ஆயிரக்கணக்கில். பாதி விலைக்கு விற்றாலும் ஒருமுறை வந்தவர் மறுமுறை வருவதில்லை. வாடகைக்காரராக இருந்ததால் உணவு, விளம்பரம், வாகன நிறுத்துமிடம் முதலியவற்றின் வருமானத்திலும் பெரும்பங்கு இவர்களுக்கு இல்லை.

2003 டிசம்பரில் ஹாக்கிக்கென்றே கட்டிய அரங்கத்துக்குப் போனார்கள். ஆனால் அது கிளென்டேலில், நகரின் மேற்குக் கோடி. காசு கொடுத்துச் சீசன் டிக்கெட் வாங்கக்கூடியவர்கள் கிழக்கே ஸ்காட்ஸ்டேல் பக்கம். வேலை முடிந்து மாலை நெரிசலில் நகரையே குறுக்கே கடந்து போக வேண்டும். காஜாங்கில் இருப்பவரை வாரத்துக்கு இரண்டு மாலை ஷா ஆலமுக்கு வரச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? அதே கணக்குதான்.

2009 மே மாதம் உரிமையாளர் ஜெரி மோய்ஸ் திவால் மனு போட்டார். பிளாக்பெர்ரி புகழ் ஜிம் பால்சிலி 212.5 மில்லியன் டாலருக்கு வாங்கிக் கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தார். திவால் நீதிமன்றம் வழியாக லீக்கின் அனுமதியைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்பது திட்டம். நீதிபதி மறுத்துவிட்டார். லீக்கே 140 மில்லியனுக்கு அணியை வாங்கி 2013 வரை வைத்திருந்தது. அதன்பின் வந்த உரிமையாளர்களுக்கு அரங்கத்தை நடத்தும் கூலியாகக் கிளென்டேல் மாநகரம் ஆண்டுக்கு 15 மில்லியன் டாலர் கொடுத்தது. 2015-இல் மாநகர மன்றம் அந்த ஒப்பந்தத்தையே ரத்துசெய்ய வாக்களித்தது. அன்றிலிருந்து குறுகிய காலக் குத்தகைதான். 2021-இல், அடுத்த சீசனோடு கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்து டெம்பியில் ஒரு பல்கலைக்கழக அரங்கம். ஏறத்தாழ 4,600 இருக்கை, லீக்கிலேயே மிகச் சிறியது. தொழில்முறை அணிகளுக்கான உடைமாற்று அறைக் கட்டடம் முடியும்வரை அணி 2022-இல் தொடர்ந்து 14 ஆட்டங்களை வெளியூரில் ஆடியது. அங்கே ஆடியபடியே டெம்பியில் 46 ஏக்கர் பழைய குப்பைமேட்டில் 2.1 பில்லியன் டாலர் திட்டத்தை முன்வைத்தார்கள். 2023 மே 16 வாக்கெடுப்பில் மூன்று கேள்விகளிலும் மக்கள் வேண்டாம் என்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் யூட்டா. 2024 ஏப்ரல் 17 அன்று கடைசி ஆட்டத்தில் எட்மன்டனை 5–2 என வென்றுவிட்டே அரிசோனாவை விட்டுப் புறப்பட்டார்கள். அன்று அரங்கம் நிறைந்திருந்தது. ரசிகர் இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். யூட்டாவின் டெல்டா சென்டரும் 1991-இல் கூடைப்பந்துக்குக் கட்டியதுதான். முதல் ஆண்டு 16,020 இருக்கைகளில் இரு கோலும் முழுமையாகத் தெரிந்தவை 11,131 மட்டுமே. ஃபீனிக்ஸின் அதே நோய். வேறுபாடு என்னவென்றால் இங்கே கூடைப்பந்து அணி, ஹாக்கி அணி இரண்டுக்கும் ஒரே உரிமையாளர். வருமானம் எந்தப் பையில் போவது என்ற சண்டை இல்லை. இருக்கை அடுக்குகளையே தூக்கி நகர்த்தும் வகையில் அரங்கத்தை மாற்றும் வேலையை 2025 கோடையில் தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி: ஏர்கோன் வேலை செய்கிறேன். 38 டிகிரி வெயிலில் ஃபீனிக்ஸில் பனித்தளத்தை எப்படி உறையவைத்தார்கள்? நம் ஊரில் அதைவிட வெயில் குறைவுதானே, இங்கே சுலபமாக இருக்க வேண்டுமே?
— ஒரு வாசகர், பிறை

நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர். பனித்தளத்துக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரப்பதம். அதில் நாம் ஃபீனிக்ஸைவிட மோசம்.

தளத்தின் அமைப்பு இது: கீழே மண், அதில் வெதுவெதுப்பான குழாய்கள், மண் உறைந்து உப்பித் தளத்தைப் பிளக்காமலிருக்க. அதன்மேல் வெப்பத்தடுப்புப் பலகை. அதன்மேல் கான்கிரீட், அதற்குள் நெருக்கமாகப் பதித்த குழாய்கள். கால்சியம் குளோரைடு உப்புநீரோ எளிதில் உறையாத கிளைக்கால் திரவமோ சுமார் –9 டிகிரியில் அவற்றில் ஓடும். அதைக் குளிர்விப்பது பெரும்பாலும் அமோனியா இயந்திரம்.

உறையவைப்பது பொறுமை வேலை. கான்கிரீட் குளிர்ந்ததும் முதலில் பனிமூட்டம்போல் நுண்ணிய தெளிப்பு. பிறகு வெள்ளைச் சாயம். பக் கறுப்பு என்பதால் பின்னணி பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும். அதை மூட மறுபடி மெல்லிய தெளிப்புகள், அதன்மேல் கோடுகள், வட்டங்கள், சின்னங்கள். அதற்கப்புறம் குழாயால் மெல்லிய படலமாக நீர். ஒன்று முழுக்க உறைந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுத் தடிமனாக ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். அந்த இடம் பால் நிறமாகத் தெரியும், சறுக்குக் கத்தி பட்டதும் செதிலாகப் பெயரும். இறுதித் தடிமன் 1 முதல் 1¼ அங்குலம். மொத்தம் சுமார் 40,000 லிட்டர் நீர். மேற்பரப்பு –4 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஆட்ட இடைவேளைகளில் தளத்தைச் சுரண்டிச் சமன்செய்யும் வண்டி சுடுநீர் ஊற்றும். சுடுநீரில் கரைந்த காற்று குறைவு, கீறல்களுக்குள் இறங்கிச் சேரும் தன்மை அதிகம்.

இப்போது ஈரப்பதத்துக்கு வருவோம். பிறையிலோ கோலாலம்பூரிலோ வெளிக்காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) எப்போதும் 23–24 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தக் காற்று –4 டிகிரித் தளத்தைத் தொட்டால் நேராக உறைபனியாகப் படியும். 1 கிலோ நீராவி அப்படிப் படியும்போது தளத்துக்குள் விடும் வெப்பம் சுமார் 2,830 கிலோஜூல். 1 லிட்டர் நீரை உறையவைக்க எடுக்க வேண்டியது 334 தான். அதாவது கதவு வழியே நுழையும் ஒவ்வொரு கிலோ ஈரமும் எட்டு லிட்டருக்கு மேல் நீரை உறையவைக்கும் வேலையைக் கம்ப்ரஸரின் தலையில் ஏற்றுகிறது. தளத்தின்மேல் மூடுபனி எழும், மேற்பரப்பு சொரசொரப்பாகும், பக் துள்ளும். துள்ளலைக் குறைக்கத்தான் 156 முதல் 170 கிராம் எடையுள்ள அந்த ரப்பர் வில்லையை ஆட்டத்துக்கு முன் உறைபெட்டியில் வைக்கிறார்கள். மிருதுவான தளத்தில் அதுவும் போதாது.

சாதாரணக் கூலிங் காயிலால் இந்த ஈரத்தை எடுக்கப் பார்த்தால், அவ்வளவு குறைந்த பனிநிலையில் காயிலே பனிபிடித்து அடைத்துக்கொள்ளும். அதனால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சக்கரம் வைத்த உலர்த்தி வேண்டும். சக்கரத்தின் ஒரு பகுதி ஈரத்தைப் பிடிக்கும், சுழன்று மறுபக்கம் வந்ததும் சூடான காற்று அதை உலர்த்தி வெளியே தள்ளும். இரட்டைக் கதவு, உள்ளே சற்றுக் கூடுதல் காற்றழுத்தம் இரண்டும் கட்டாயம். பின்வாசலில் சாமான் இறக்கும் கதவை அரைமணி நேரம் திறந்து வைத்தால் மாலை ஆட்டம் கெடும். இதையெல்லாம் மீறித்தான் சன்வே பிரமிட்டில் 1990-களிலிருந்து பனித்தளம் ஓடுகிறது. 2017 சீ விளையாட்டுப் போட்டியில் டாமான்சாரா எம்பயர் சிட்டியில் ஐஸ் ஹாக்கியே நடந்தது. அந்தத் தளங்களைப் பராமரிப்பவர்களின் திறமை பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை.

கேள்வி: பட்டர்வொர்த் பண்டல் கடையில் 45 வெள்ளிக்கு ஒரு வின்னிபெக் ஜெட்ஸ் ஜெர்சி எடுத்தேன். பழையதா புதியதா, அசலா போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகர், பட்டர்வொர்த்

முதலில் சின்னம். “ஜெட்ஸ்” என்ற எழுத்துகளில் ஜெ ஒலிக்கான ஆங்கில எழுத்து ஹாக்கி மட்டை வடிவிலும் மேலே சிறு விமானமும் இருந்தால் பழைய அணி. சிவப்பு மேப்பிள் இலைமேல் சாம்பல் நிறப் போர்விமானம், சுற்றி வட்டம் என்றால் 2011-க்குப் பின் வந்த அணி.

இரண்டாவது, கழுத்திலோ கீழ் ஓரத்திலோ இருக்கும் லீக்கின் கேடயம். 2005-க்கு முன் ஆரஞ்சு–கறுப்பு. எழுத்துகள் இடமேலிருந்து வலக்கீழாக இறங்கும். அதற்குப் பின் வெள்ளி–கறுப்பு, எழுத்துகள் ஏறும். போலி செய்பவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

மூன்றாவது, தயாரிப்பாளர். சி.சி.எம்., ஸ்டார்ட்டர் என்றால் பெரும்பாலும் பழையவை. 2007 முதல் 2017 வரை ரீபாக், 2017 முதல் 2024 வரை அடிடாஸ், அதன்பின் ஃபனாட்டிக்ஸ். ஒரு பொறி உண்டு: பழைய சின்னம், ரீபாக் முத்திரை, வெள்ளிக் கேடயம் மூன்றும் சேர்ந்திருந்தால் உடனே போலி என்று தூக்கிப் போடாதீர்கள். புதிய ஜெட்ஸ் 2016-இல் திறந்தவெளியில் ஆடிய பாரம்பரிய ஆட்டத்துக்குப் பழைய பாணிச் சட்டையையே அணிந்தது. ஆனால் யூட்டா சட்டையில் அடிடாஸ் முத்திரை கண்டால் சந்தேகமே வேண்டாம், போலிதான்.

கடைசியாக உட்புறம் திருப்பி முதுகுக் கீழ்ப்பகுதியைத் தடவிப் பாருங்கள். கால்சட்டையோடு கோத்துக் கட்டும் பட்டை இரட்டைத் துணியில் தைத்திருந்தால் அது ஆட்டக்காரர் அணியும் தரம். சண்டையில் எதிராளி சட்டையைத் தலைக்குமேல் இழுத்துக் கண்ணை மறைக்காமலிருக்கத்தான் அந்தப் பட்டை. ரசிகர் சட்டைகள் பலவற்றில் அது இருக்காது. இல்லாததால் மட்டும் போலி ஆகிவிடாது. துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்நீரில் போடுங்கள். இயந்திரத்தில் சூடாக உலர்த்தினால் எண்களின் பசை விடும்.

கேள்வி: அப்படியென்றால் இன்றைய வின்னிபெக் ஜெட்ஸ் எங்கிருந்து வந்தது?
— ஒரு வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

அட்லாண்டாவிலிருந்து. 1999-இல் தொடங்கிய அட்லாண்டா த்ராஷர்ஸை 2011 மே 31 அன்று வின்னிபெக் நிறுவனம் ஒன்று வாங்கியதாக அறிவித்தது. 170 மில்லியன் டாலர். அதில் 60 மில்லியன் ஊர் மாற்றுவதற்கு லீக்குக்குக் கட்டியது. 13,000 சீசன் டிக்கெட் விற்றுக் காட்ட வேண்டும் என்று இலக்கு. பொதுமக்களுக்கு ஒதுக்கிய பகுதி 17 நிமிடத்தில் தீர்ந்தது. இம்முறை அரங்கம் தயாராக இருந்தது. 2004-இலேயே நகர மையத்தில் கட்டி, கீழ் லீக் அணி ஒன்றை வைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். 15,000 இருக்கைதான், ஆனால் தனி அறைகள் உண்டு, அரங்கமும் அணியும் ஒரே கையில்.

ஜெட்ஸ் என்ற பெயரை லீக்கிடமிருந்து திரும்பப் பெற்றார்கள். பழைய ஜெட்ஸின் பெர்மிட் மட்டும் அப்போது அரிசோனாவில் இருந்தது. விளைவு விசித்திரமானது: அட்லாண்டாவில் இலியா கோவல்சுக் போட்ட 328 கோல் இன்றைய ஜெட்ஸின் ஏட்டில் இருக்கிறது. செலானே 1992–93-இல், தன் முதல் சீசனிலேயே, வின்னிபெக்கில் போட்ட 76 கோல் அந்த ஏட்டில் இல்லை. ஊர் மக்கள் ஏட்டைப் பார்த்து அன்பு வைப்பதில்லை. 2016-இல் அணி தொடங்கிய கௌரவ மண்டபத்தில் முதலில் ஏற்றப்பட்டவர்கள் ஹல், ஹெட்பர்க், நில்சன். ஹாவர்சக்குக்கு 2022-இல் சிலை வைத்தார்கள்.

இடம்பெயர்வின் சில்லறைத் தொல்லைக்கு ஓர் எடுத்துக்காட்டு: கால அட்டவணை முன்பே தீர்மானமாகியிருந்ததால் முதல் சீசனும், பிரிவு மாற்றத்துக்கு ஆட்டக்காரர் சங்கம் ஒப்பாததால் இரண்டாவது சீசனும் வின்னிபெக் அட்லாண்டாவின் இடத்திலேயே, ஃப்ளோரிடா அணிகளோடு ஒரே பிரிவில் ஆடியது. கனடாவின் நடுவிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு ஓயாத விமானப் பயணம். 2013-இல்தான் பிரிவை மாற்றினார்கள்.

அட்லாண்டா 1980-இல் ஃப்ளேம்ஸ் அணியையும் கால்கரிக்கு இழந்த ஊர். இரண்டு முறையும் பறித்தது கனடா.

கேள்வி: யூட்டா ஆட்டம் நம் நேரப்படி எப்போது?
— ஒரு வாசகர், கெப்போங்

அங்கே மாலை 7 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 9. நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை காலை 10. வின்னிபெக் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாக, 8 அல்லது 9. தேதியைக் கவனியுங்கள்: அவர்களின் வெள்ளி இரவு நமக்குச் சனிக் காலை.

கேள்வி: இடம் மாறிய அணி உருப்பட்டதுண்டா?
— ஒரு வாசகர், ஜார்ஜ்டவுன்

நிறைய. கால்கரி 1989, கான்சஸ் சிட்டி–டென்வர் வழியாக நியூ ஜெர்சி போன அணி 1995, மின்னசோட்டாவிலிருந்து டல்லஸ் போன அணி 1999, ஹார்ட்ஃபோர்டிலிருந்து கரோலைனா போன அணி 2006 என ஸ்டான்லி கோப்பை வென்றிருக்கின்றன.

இவற்றில் மிகவும் வலிப்பது கியூபெக். 1995-இல் நோர்டிக்ஸ் அணியை 75 மில்லியன் டாலருக்கு விற்றார்கள். அது டென்வரில் கொலராடோ அவலாஞ்ச் ஆகி, போன முதல் ஆண்டே, 1996-இல், கோப்பையைத் தூக்கியது. இத்தனை ஆண்டு வளர்த்த ஊர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. விட்டுக்கொடுக்காமல் கியூபெக் 2015-இல் 18,259 இருக்கையுடன் என்.எச்.எல். தரத்தில் ஓர் அரங்கம் கட்டி முடித்து, அதே ஆண்டு புது அணிக்கு விண்ணப்பமும் போட்டது. 2016-இல் லீக் லாஸ் வேகஸுக்குக் கொடுத்து, கியூபெக்கின் விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தது. கனடிய டாலரின் மதிப்பும், கிழக்கில் ஏற்கெனவே 16 அணி மேற்கில் 14 அணி என்ற சமனின்மையும் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்த அரங்கத்தில் இன்று ஆடுவது இளையோர் லீக் அணி.